அழிறப்பர் தின்ற வரி

எட்டுப் பேர் ஒரு வேலியை ஆறு நாளில் அடைத்து முடிப்பார்கள். பன்னிரண்டு பேர் இறங்கினால் எத்தனை நாள்?

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே, திருகோணமலை வீதியோரம் வாவியை ஒட்டிக் கிடக்கும் ஊர் தன்னாமுனை. அங்கே மாலை விளக்கு வைத்த பிறகு எந்த விறாந்தையை எட்டிப் பார்த்தாலும் இந்தக் கணக்கோ, இதன் ஒன்றுவிட்ட தம்பியோ, ஏதாவதொரு கொப்பியில் கிடக்கும். பத்தாம் தரத்துப் பிள்ளை பென்சிலைக் கடித்தபடி எழுதுகிறது: எட்டுப் பேருக்கு ஆறு நாள், அப்படியென்றால் பன்னிரண்டு பேருக்கு ஒன்பது நாள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மம்மாவுக்கு நேர்மாறு விகிதசமம் என்ற பேச்சே தெரியாது. ஆனாலும் கேட்கிறார்: "ஆள் கூடினா வேலை கெதியா முடியுமே மனே, மறுகா எப்பிடி ஒம்பது நாளாகும்?"

பிள்ளை முழிக்கிறது. பிறகு அண்ணாவின் பழைய கொப்பியைத் தேடி எடுக்கிறது. அதில் விடை நான்கு. அழிறப்பர் வருகிறது, ஒன்பது போகிறது, நான்கு வந்து உட்காருகிறது. மறுநாள் பாடசாலையில் அந்த நான்குக்குச் சிவப்புப் பேனையால் ஒரு 'சரி' விழும். ஆள் கூடினால் நாளும் கூடும் என்று பிள்ளை நம்பிய அந்த ஒரு வரி, பென்சில் தூளோடு வாசலில் ஊதப்பட்டுவிட்டது. ஆசிரியர் அதைக் காணவில்லை. பெற்றோரும் காணவில்லை. பரீட்சை மண்டபத்தில்தான் அது மறுபடியும் எழுந்து வரும்.

கணித வீட்டுவேலையில் பெறுமதியானது எது என்று கேட்டால், அந்த அழிந்த வரிதான். ஆனால் வீட்டிலும் பாடசாலையிலும் ரியூசன் கொட்டிலிலும் எல்லோரும் விடையையே துரத்துகிறார்கள்.

வேலிக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பாடப்புத்தகம் கற்பிக்கும் வழி 'மனித நாள்'. எட்டுப் பேர் ஆறு நாள் உழைத்தால் 48 மனித நாள். வேலி மாறவில்லை, அதற்குத் தேவையான உழைப்பும் மாறவில்லை. 48ஐப் பன்னிரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு நான்கு நாள். இதை விளங்கிய பிள்ளையிடம் கணக்கைச் சற்று முறுக்கிக் கொடுத்துப் பார்க்கலாம்: எட்டுப் பேர் தொடங்கினார்கள், மூன்று நாள் கழித்து நான்கு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், வேலி முடிய மேலும் எத்தனை நாள்? முடிந்த வேலை 24 மனித நாள். மிச்சம் 24. நான்கு பேருக்கு இன்னும் ஆறு நாள். 'நான்கு' என்ற விடையை மட்டும் பார்த்தெழுதிய பிள்ளை இந்த இடத்தில் நின்றுவிடும். மனித நாளைப் பிடித்துக்கொண்ட பிள்ளை நிற்காது.

இன்னொரு முறுக்கும் உண்டு. தன்னாமுனைக் கரையிலிருந்து ஒருவர் தோணி வலித்து வாவியின் எதிர்க்கரைக்குப் போக நாற்பது நிமிடம். அதே தோணியில் இன்னொருவர் சும்மா ஏறி உட்கார்ந்தால் இருபது நிமிடமா? வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் ஒரு பாடம் இருக்கிறது: ஆள் கூடினால் நேரம் குறையும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் சட்டமல்ல. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று யோசிப்பதுதான் கணிதம்.

யோசிக்காமலும் விடை எழுதலாம் என்பதற்குப் பெயர்போன சான்று ஒன்று உண்டு. 1979 அளவில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்டனின் வயது என்ன? இதற்கு விடை கிடையாது. ஆனாலும் 97 பேரில் 76 பேர் கணக்கில் கிடந்த எண்களை வைத்தே கப்டனுக்கு ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் மக்குகள் அல்லர். பள்ளிக்கூடம் சொல்லாமல் சொல்லிக் கொடுத்த சட்டத்தை நன்றாகப் பழகியவர்கள். கணக்கென்று வந்தால் விடை இருந்தே தீரும், கொடுத்த எண்ணையெல்லாம் எப்படியாவது பாவித்தாக வேண்டும் என்பதே அந்தச் சட்டம்.

சரியான விடையும் ஏமாற்றும். 1973இல் வெளியான ஒரு கட்டுரைக்காக ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு படித்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனோடு உட்கார்ந்து பேசினார். கட்டுரையில் அவனுக்கு வைத்த பெயர் பென்னி. தானே படித்து, தானே பயிற்சி செய்து, விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்தும் பாடத்திட்டம் ஒன்றில் அவன் மளமளவென்று முன்னேறிக்கொண்டிருந்தான். ஆசிரியருக்கும் அவன் கெட்டிக்காரன்தான். பேசிப் பார்த்தபோதுதான் விசயம் வெளிவந்தது. 2/10ஐத் தசமத்தில் எழுதச் சொன்னால் 1.2 என்றான், 5/10 என்றால் 1.5 என்றான். மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டி, நடுவில் ஒரு புள்ளி வைப்பது அவன் கண்டுபிடித்த விதி. அந்த விதிப்படி 4/11உம் 1.5, 11/4உம் 1.5. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்பது அவனுக்கு உறுத்தவேயில்லை. அத்தனை நாளும் அவனுடைய தாளில் 'சரி' விழுந்துகொண்டேயிருந்தது.

பென்னிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கீழ் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளையைப் பாருங்கள். அடுத்த கணக்கு 81 கழித்தல் 46, விடை 45. அதற்கடுத்தது 63 கழித்தல் 38, விடை மறுபடியும் 35. மூன்றுமே பிழை, மூன்றும் ஒரே மாதிரியான பிழை. எந்த இலக்கம் பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறது, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கடன் வாங்கத் தெரியாததால் தனக்கென்று ஒரு விதியைச் செய்துகொண்டு அதில் உறுதியாக நிற்கிறது. 1978இல் ஜோன் சீலி பிரவுன், ரிச்சட் பேர்ட்டன் என்ற இருவர் இப்படிப்பட்ட கழித்தல் பிழைகளைத் தொகுத்துக் கணினி நிரலாகவே எழுதிக் காட்டினார்கள். பிழைகளில் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருவதில்லை, ஒழுங்கான ஒரு பிழை விதியால் வருகின்றன என்பது அந்த வேலையின் சாரம். மூன்று சிவப்புப் 'பிழை'களைப் போட்டுவிட்டுப் போனால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. "இந்த ரெண்டிலயிருந்து ஏழு எப்பிடிப் போகும், சொல்லு பாப்பம்" என்று ஒரு தடவை கேட்டால் மூன்று கணக்கும் ஒன்றாகத் திருந்தும்.

பின்னக் கணக்கும் அப்படித்தான். 1/2உடன் 1/4ஐக் கூட்டச் சொன்னால் மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டி 2/6 என்று எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் உண்டு. அதே பிள்ளையைக் கடைக்கு அனுப்பி அரைக் கிலோ பருப்பும் இன்னொரு கால் கிலோவும் வாங்கி வரச் சொன்னால், பையில் முக்கால் கிலோ இருக்கிறது என்று பிசகாமல் சொல்லும். 2/6 என்பது மூன்றில் ஒன்று, அரையை விடக் குறைவு. அரைக் கிலோவோடு கால் கிலோ சேர்ந்து அரைக் கிலோவை விடக் குறைந்துபோகுமா? கடையில் இருக்கும் அறிவு கொப்பிக்கு வருவதில்லை, இரண்டுக்கும் நடுவில் எவரும் பாலம் போடவில்லை. அரை, கால், அரைக்கால் என்று தொடங்கி பதினாறில் ஒன்றுக்கு வீசம், இருபதில் ஒன்றுக்கு மா, எண்பதில் ஒன்றுக்குக் காணி, முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பின்னத்துக்குப் பேர் வைத்துப் புழங்கிய மொழி இது. பின்னம் பயமுறுத்தும் பாடமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சதவீதத்துக்கு வந்தால் பிள்ளைகளோடு பெரியவர்களும் வழுக்குவார்கள். இலங்கையில் 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். வரியும் சேர்த்து ஒரு பற்றுச்சீட்டு 2,360 ரூபா என்றால் அதில் வரி எவ்வளவு? 2,360க்கு 18 சதவீதம் பார்த்து 424 ரூபா 80 சதம் என்று சொல்பவர்கள்தான் அதிகம். சரியான விடை 360 ரூபா. வரி போட்டது பொருளின் விலைக்கு, மொத்தத் தொகைக்கு அல்ல. விலை 100 என்றால் சீட்டில் 118. 118க்கு 2,360 என்றால் 100க்கு 2,000. இந்தக் கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் சின்ன விசயம். 'எதில் 18 சதவீதம்?' என்ற கேள்விதான் பெரிய விசயம். அதைக் கேட்கப் பழகிய பிள்ளை, 5,000 ரூபாப் பொருளின் விலையை 20 சதவீதம் ஏற்றிவிட்டுப் பிறகு 20 சதவீதம் கழிவு தருகிறோம் என்று கடைக்காரர் பலகை வைத்தால் 4,800 ரூபாவைத்தான் நீட்டும். ஏறியது 5,000இல் ஆயிரம், இறங்கியது 6,000இல் ஆயிரத்து இருநூறு.

அட்சரகணிதத்தில் நெடுங்காலப் பிழை ஒன்று இருக்கிறது: (அ + 3)² என்றால் அ² + 9. இதைத் திருத்த நூறு தரம் சூத்திரம் எழுத வைப்பார்கள். ஒரு தரம் படம் கீறினால் போதும். பத்து மீற்றர் சதுரத் தோட்டம். இரண்டு பக்கமும் மும்மூன்று மீற்றர் வேலியைத் தள்ளிப் போடுகிறார்கள். புதிய தோட்டம் 13க்கு 13, ஆக 169 சதுர மீற்றர். பிள்ளையின் விதிப்படி 100உம் 9உம் சேர்ந்து 109. மிச்ச 60 சதுர மீற்றர் நிலத்தை யார் கொண்டுபோனது? பழைய சதுரத்தின் இரண்டு பக்கமும் 10க்கு 3 என்று இரண்டு கீற்றுக் காணி கிடக்கிறது, அதுதான் காணாமல் போன 60. காணியில் ஒரு அடி விட்டுக்கொடுக்காத ஊரில் பிறந்த பிள்ளை இதை மறக்காது.

இப்போது வீட்டுவேலைக்கு ரியூசனோடு தொலைபேசியும் துணைக்கு வந்துவிட்டது. 2014இல் வெளிவந்து பிறகு கூகுள் வாங்கிக்கொண்ட போட்டோமெத் போன்ற செயலிகள் கணக்கைப் படம் பிடித்தாலே படிப்படியாகச் செய்து காட்டும். குறை சொல்வதற்கில்லை, படிகள் தெளிவாகவே இருக்கும். ஆனால் அவை செயலியின் படிகள். கொப்பியில் எந்த வரியில் பிள்ளை வழுக்கியது என்பது அந்தப் படத்தில் இல்லை, ஏனென்றால் பிள்ளை அந்த வரியை எழுதவேயில்லை.

யூரியூபில் தேடும் பிள்ளைக்கு வேறொரு வில்லங்கம் காத்திருக்கிறது. தமிழில் கணித விளக்கம் தேடினால் வந்து விழுபவற்றில் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பாடங்கள். நல்ல பாடங்கள்தான், சொற்கள் வேறு. இங்கே முக்கோணி, அங்கே முக்கோணம். இங்கே தொடை, அங்கே கணம். இங்கே தாயம், அங்கே அணி. செம்பக்கம் அங்கே கர்ணம், தொடலி அங்கே தொடுகோடு. இங்கே இடை, இடையம், ஆகாரம் என்று படிப்பது அங்கே சராசரி, இடைநிலை, முகடு. வட்டத்தில் தொடலிக் கணக்கோடு மல்லுக்கட்டும் தன்னாமுனைப் பிள்ளை 'தொடுகோடு' என்ற சொல்லைக் கேட்டதும் இது வேறு பாடமாக்கும் என்று தள்ளிவிட்டுப் போவது இயல்பு.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. கரோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855இலேயே யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. அன்றைய வீசகணிதம்தான் இன்று இலங்கையில் அட்சரகணிதம், தமிழ்நாட்டில் இயற்கணிதம். மட்டக்களப்புத் தமிழகத்தின் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. யாழின் நரம்புகளை அளவும் விகிதமும் கொண்டு ஆராய்ந்த 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. இரு கரைக்கும் பொதுவாக அன்று தொடங்கிய சொல் வேலை பிறகு கரைக்கொரு வழியாகப் பிரிந்துவிட்டது. இனி அதை ஒன்றாக்குவது லேசான காரியமல்ல. ஆனால் ஒவ்வொரு கணிதப் பாடப்புத்தகத்தின் கடைசியிலும் இரு நாட்டுச் சொற்களையும் அருகருகே போட்ட ஒரு பக்கப் பட்டியலைச் சேர்க்கத் தேசிய கல்வி நிறுவகத்துக்கும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துக்கும் பெரிய செலவாகாது. அந்த ஒரு பக்கம் இருந்தால் கடலுக்கு அந்தப் பக்கத்து ஆசிரியர்களும் இந்தப் பிள்ளைகளுக்கு உதவுவார்கள்.

இதற்கெல்லாம் ஆசிரியர்களிடம் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஒரு வகுப்பில் முப்பது, நாற்பது பிள்ளைகள். ஆளுக்கு இருபது கணக்கு. அத்தனை வரியையும் வாசிக்க யாருக்கு நேரம்? உண்மை, முடியாது. ஆகவே இருபது கணக்கை ஆறாகக் குறைக்க வேண்டும். ஆறு கணக்கில் ஒன்றை மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் 'இந்த வரியில் ஏன் இப்படிச் செய்தேன்' என்று ஒரு வசனத்தோடு எழுதி வரட்டும். ஆசிரியர் அந்த ஒன்றை வாசித்தால் போதும். மிச்சத்தைப் பிள்ளைகள் கொப்பி மாற்றித் தாங்களே பார்க்கலாம்.

பரீட்சைக்கு வேகம் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டும். சாதாரண தரக் கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள், முதலாவதுக்கு இரண்டு மணித்தியாலம், இரண்டாவதுக்கு மூன்று. முதலாவதின் முதற்பகுதியில் மட்டும் 25 சிறு வினாக்கள். இரண்டாவதில் பத்து வினாக்களுக்கு விடை எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. கைப்பழக்கம் இல்லாமல் இதை முடிக்க இயலாது, கடந்தகால வினாத்தாள் செய்வதை எவரும் தடுக்கத் தேவையில்லை. ஆனால் புள்ளித்திட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அந்தப் பத்துப் புள்ளியும் கடைசி விடைக்குப் போவதில்லை, படிக்குப் படி பிரித்துக் கொடுக்கிறார்கள். விடை பிழைத்தாலும் வழி சரியென்றால் புள்ளி கிடைக்கும். சித்திக்கு வேண்டியது 35 புள்ளி. அந்த 35இன் கரையில் தத்தளிக்கும் பிள்ளையைக் கரையேற்றுவது பல நேரம் இந்தப் படிப் புள்ளிகள்தான். நாடு முழுவதற்கும் பரீட்சை வைக்கும் திணைக்களமே படிகளை வாசிக்கும்போது, வீட்டுவேலையை விடையில் மட்டும் திருத்துவது எந்த வகையில் பரீட்சைக்குத் தயார்படுத்தல்?

பெற்றோர் பக்கம் வேறு தயக்கம் இருக்கிறது. இன்று பத்தாம் தரத்தில் பிள்ளை வைத்திருக்கும் பலர் தொண்ணூறுகளில் படித்தவர்கள். சண்டையும் இடப்பெயர்வுமாகப் பாடசாலை திறந்ததும் மூடியதுமாயிருந்த காலம் அது. "எங்களுக்குக் கணக்கு ஓடாது, சேரிட்டக் கேள்" என்று அவர்கள் ஒதுங்குவதில் வியப்பில்லை. ஆனால் வேலிக் கணக்கில் அந்த அம்மம்மா கேட்டதற்குக் கணக்குத் தெரிந்திருக்கத் தேவைப்படவில்லை. வீட்டிலே மூன்று கேள்வி போதும். கணக்கில் என்ன கேட்டிருக்கிறது, உன் சொல்லில் சொல்லு. விடை இதைவிடக் கூட வருமா, குறைய வருமா, முதலிலேயே சொல்லு. எந்த வரியில் மாட்டிக்கொண்டாய், தொட்டுக் காட்டு. சூத்திரம் எதுவும் தெரியாமல் இந்த மூன்றையும் எவரும் கேட்கலாம். வாவியில் வலை வீசுபவரும் கேட்கலாம், தையல் மெசினில் இருந்தபடியும் கேட்கலாம்.

ஆசிரியர்கள் இந்தத் தவணையிலிருந்தே ஒன்றைத் தொடங்கலாம். கணக்குக் கொப்பியில் அழிறப்பருக்குத் தடை. பிழை போனால் அதன்மேல் ஒரேயொரு கோடு, கீழே புதிய வரி. வகுப்புத் தொடங்கும் முதல் பத்து நிமிடத்தில், பிள்ளையின் பேரைச் சொல்லாமல், முந்தைய நாளின் நல்ல பிழை ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, எங்கே வழுக்கியது என்று வகுப்பிடமே கேட்கலாம். பிழைக்கு அடியும் ஏச்சும் விழும் வகுப்பில் இது நடக்காது. அடி விழும் இடத்தில் பிள்ளை முதலில் பழகுவது ஒளிக்கத்தான்.

இதை வாசிக்கும் தாய் தகப்பன் இன்றிரவு பிள்ளையின் கணக்குக் கொப்பியை ஒரு தரம் கேட்டு வாங்குங்கள். சரிகளை எண்ண வேண்டாம். பக்கத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் அழித்த இடங்களில் பென்சில் பதிந்த தடம் தெரியும். அங்கே விரலை வைத்து, முதலில் என்ன எழுதியிருந்தாய் என்று கேளுங்கள். அழிறப்பர் அதுவரைக்கும் உங்கள் கையில் இருக்கட்டும்.